குருத்தோலை ஞாயிறு வந்த தபால்

சேசு மரி சூசை துணை
ராயபுரம்
3 பிப்ரவரி 1974

அன்பு மருமகள் ஹில்டாவுக்கு மாமா ஸ்டானிஸ்லாஸ் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தை லூர்துவும் உன் தம்பி வால்டரும் சுகமாகக் கீறோம். அங்கே பனி எப்படி, ரெண்டு ஸ்வெட்டராவது போடறியா என்று பதில் போடவும்.

எல்லாம் நான் அப்பவே சொன்னது. நீ ஜெர்மனி போவே, மூளை சமாச்சாரம் படிப்பே, ஒரு பெரிய புரொபசர் உன்னைக் கூப்பிட்டு வேலை குடுப்பார், அத்தனையும் முன்னாடியே சொன்னவன் நான். உங்கம்மா ஆலிஸ் உயிரோட இருந்தா சாட்சி சொல்லியிருப்பா. ஆறு வயசுல நீ லைட் ஹவுஸ் வெளிச்சம் எதுக்கு சுத்துதுன்னு கேட்டே. ஆலிஸு, இது வெளிச்சத்தப் புடிச்சுகினு போவப்போற பொண்ணுன்னு அன்னிக்கே சொன்னேன். ஏழாங்கிளாஸோட நின்னவன்னு என்னை சொல்றாங்க. ஆர்பர்ல கிரேன் மேல குந்திகினு கீறவனுக்கு எது வந்தாலும் மொதல்ல தெரியும்.

உன் கடுதாசியை கல்மண்டபத்துல வாட்ச் ரிப்பேர் பண்ற ஜாபர் பாய்க்குப் படிச்சுக் காட்டினேன். ஒடம்புக்குள்ள ஒரு கடிகாரம் கீதாம், பகல் வெளிச்சம் கண்ணு வழியாப் போயி தினமும் அதுக்கு டயம் திருத்துதாம், என் மருமவ அதைத்தான் ஆராய்ச்சி பண்றான்னு சொன்னேன். "அப்போ அதுவும் நம்ம தொழிலுதான் மாமு, ரிப்பேர் சார்ஜ் இன்னா வாங்குதாம்"னு கேக்கறாரு. போன மாசம் உங்க ஊர்க் கப்பல் ஒண்ணு வந்துது. கேப்டன் கிட்ட உன்னைப் பத்தி விசாரிச்சேன். நல்ல பொண்ணுன்னு சொன்னார்.

வால்டர் விஷயம். பாக்டரில மூஞ்சில காரத்தண்ணி பட்டு ரெண்டு வருஷம் ஆவுது. ரெண்டு கண்ணும் வெள்ளையாப் பூத்துக் கீது. டார்ச் அடிச்சாலும் தெரியலன்றான். அப்பப்போ வலி. மத்தபடி காலைல என்கூட ஆர்பர் ஆபீசுக்கு வந்து பிரம்பு நாற்காலி பின்றான், ராத்திரி ஒழுங்காத் தூங்கறான். திருவொற்றியூர்லேந்து ஒரு வரன் வந்துகீது. ஞானசெல்வின்னு பேரு, டைப்ரைட்டிங் படிச்ச பொண்ணு. பொண்ணுக்கு இவனைப் புடிச்சிருக்கு. அப்பங்காரனுக்குத்தான் வெள்ளைக் கண்ணு மாப்பிள்ளையைப் பீடத்துக்கு முன்னாடி நிக்கவெக்க மனசில்ல. டாக்டர் சொல்றார், அந்தக் கண்ணு இனி எதுக்கும் உதவாது, எடுத்துட்டு கண்ணாடிக் கண்ணு வெச்சா வலியும் போவும், லட்சணமாவும் இருக்கும்னு. தவக்காலத்துல ஆபரேஷன், ஈஸ்டர் தாண்டி கல்யாணம்னு பேச்சு.

வால்டர் கொஞ்சம் பயப்படறான். "அக்காவைக் கேளு மாமா, அக்கா இன்னா சொல்லுதோ அதைப் பண்றேன்"றான். அதான் கேட்டு எழுதறேன். சீக்கிரம் பதில்.

உன் மாமா,
ஸ்டானிஸ்லாஸ்


ஹாம்பர்க்
14 பிப்ரவரி 1974

அன்புள்ள மாமாவுக்கு ஹில்டாவின் வணக்கம். நலம். ரெண்டு ஸ்வெட்டர் போதவில்லை, மூன்று போடுகிறேன். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வால்டருக்கு அந்த ஆபரேஷன் வேண்டாம். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இங்கே நாங்கள் எலிகளை வைத்துச் சோதனை செய்கிறோம். பார்வைக்கான நரம்புப் பாதையை மூளைக்குள் வெட்டிவிட்டால் எலிக்குக் கண் தெரியாது. ஆனாலும் பகல் எது, ராத்திரி எது என்று அதன் உடம்புக்குத் தெரிகிறது. தூங்க வேண்டிய நேரத்தில் தூங்குகிறது. கண்ணையே எடுத்துவிட்டால் அது போய்விடுகிறது. தூக்கம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், சில வாரங்களில் தலைகீழாகி, மறுபடி சுற்றிவருகிறது. நிற்பதே இல்லை. கண்ணிலிருந்து மூளையின் அடியில் ஒரு சின்ன இடத்துக்குத் தனி வழி ஒன்று இருக்கிறது மாமா. அது பார்ப்பதற்கான வழி இல்லை, விடிந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வதற்கான வழி. எங்களுக்கே இது இரண்டு வருஷமாகத்தான் தெரியும்.

வால்டர் ராத்திரியில் ஒழுங்காகத் தூங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த வெள்ளைக் கண் இன்னும் அவனுக்கு அந்த ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். மனிதர்களிடம் இதை யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் எடுத்த கண்ணைத் திரும்ப வைக்க முடியாது. வலிக்கு மருந்து கேளுங்கள். கல்யாணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். பெண்ணின் அப்பாவுக்கு நானே வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை வால்டருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். வழக்கம்போல உங்கள் கைச்சரக்கைச் சேர்க்காதீர்கள்.

அன்புடன்,
ஹில்டா


சேசு மரி சூசை துணை
ராயபுரம்
9 ஏப்ரல் 1974

அன்பு மருமகள் ஹில்டாவுக்கு மாமா எழுதுவது. எல்லோரும் சுகம். லூர்து முட்டிக்கு நீலகிரித் தைலம் தேய்க்கிறாள்.

பதில் தாமதம்னு கோவிச்சுக்காதே. உன் கடுதாசியே குருத்தோலை ஞாயிறு அன்னிக்குத்தான் கைக்கு வந்துது. பூசை முடிஞ்சு கைல ஓலையோட வரேன், தபால்காரன் வாசல்ல நிக்கறான். "சார், சீமைலேந்து"ன்னான். ஓலையை லூர்து கைல குடுத்துட்டு நீலக் காகிதத்தை வாங்கினேன். எந்த ஊரெல்லாம் சுத்திட்டு வந்துதோ. நான் தபாலாபீசுல போய் ஒரு சத்தம் போட்டேன், போஸ்ட்மாஸ்டர் எனக்கு டீ வாங்கிக் குடுத்தார்.

ஆபரேஷன் நின்னாச்சு. டாக்டர் மேஜையைத் தட்டிச் சொன்னேன், "இன்னா சார், எலிக்குக் கீற மரியாதை என் மருமவனுக்கு இல்லியா"ன்னு. அவர் எழுந்து நின்னு கை குடுத்தார். பொண்ணோட அப்பாவும் நான் பேசின பேச்சுல ஒத்துகினார். வால்டருக்குப் படிச்சுக் காட்டினேன், சந்தோஷப்பட்டான். கண்ணு ரெண்டும் பத்திரமாக் கீது. நான் கீற வரைக்கும் எவனும் தொட முடியாது. நீ உன் படிப்பைப் பாரு.

ஈஸ்டர் ஆனதும் கோயில்ல மூணு வாரம் கல்யாண ஓலை வாசிச்சு, அப்புறம் கல்யாணம்.

உன் மாமா,
ஸ்டானிஸ்லாஸ்


ஹாம்பர்க்
26 ஏப்ரல் 1974

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் கடிதம் வராத ஏழெட்டு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. தூக்கத்தைப் படிக்கிறவளுக்கே இந்த கதி. நேற்று படித்துவிட்டு சோதனைக்கூடத்தில் அழுதேன். எலிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்து மேஜைக்காரர் ஓடி வந்தார்.

உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் மாமா. நீங்கள் இல்லையென்றால் வால்டருக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

ஒரு உதவி. வால்டருக்குச் சம்மதம் என்றால் மட்டும், கொஞ்ச நாள் அவன் கண்ணை வெளிச்சம் புகாத கறுப்புத் துணியால் கட்டிவையுங்கள். தூக்கம் நழுவுகிறதா என்று பாருங்கள். பிறகு அவிழ்த்துவிட்டால் பழையபடி நேராகிறதா? இது ஒரு மனிதரிடம் நடந்தால் பெரிய விஷயம். புரொபசரிடம் சொன்னேன். "உன் மாமா நம்பத்தகுந்தவரா" என்று கேட்டார். என்னை வளர்த்தவர் என்று சொன்னேன்.

அன்புடன்,
ஹில்டா


சேசு மரி சூசை துணை
ராயபுரம்
30 ஜூன் 1974

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. யாவரும் க்ஷேமம். உன் புரொபசருக்கும் என் ஸ்தோத்திரம் சொல்லவும்.

வால்டர் கல்யாணம் மே கடைசியில் ஜாம்ஜாமென்று முடிந்தது. மாப்பிள்ளையைப் பாத்து சினிமாக்காரன் மாதிரி கீறான்னு நாலு பேரு சொன்னாங்க, அதுல மூணு பேரு என்கிட்ட கடன் வாங்காதவங்க. இப்போ திருவொற்றியூர்ல மாமனார் வூட்டோட கீறான்.

நீ கேட்ட சோதனையை கல்யாணத்துக்கு முன்னாடியே நடத்திட்டேன். லூர்துவோட பழைய குடைத்துணி எடுத்து ரெண்டு மடிப்பாக் கட்டினேன். ஜாபர் பாய் ஒரு சுவர்க் கடிகாரத்தை மாட்டிவிட்டுப் போனார். இன்னா சொல்றே நீ, அப்படியே உன் எலிதான். கட்டினதும் தூக்கம் நழுவிச்சு. மத்தியானம் சோத்துத் தட்டு மேல சாஞ்சு தூங்கறான், பொழுது சாஞ்சா முழிச்சுகினு பாட்டுப் பாடறான். துணியை அவுத்தேன், ஒரே வாரத்துல பழையபடி ஆயிட்டான். இது இப்படித்தான் ஆவும்னு நான் ஜாபர் பாய் கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். புஸ்தகத்துல என் பேரு போடும்போது ஸ்டானிஸ்லாஸுக்கு மூணு 'ஸ்' கீது, மறந்துடப்போறே.

அப்புறம், சும்மா ஒரு கேள்வி. தண்டையார்பேட்டைல அருள்பிரகாசம்னு என் தோஸ்துக்கு ஒரு தோஸ்து. பாவம், அந்த ஆளுக்கு ரெண்டு கண்ணையும் எடுத்துட்டாங்க. இப்போ கொஞ்ச நாள் நல்லாத் தூங்கறான், அப்புறம் நாள் கணக்கா ராத்திரி பூரா முழிச்சுகினு, பகல்ல வேலை செய்ற எடத்துல உருண்டு வுழறான். அதுக்கு எதனா மாத்திரை கீதா? அந்தாளு கேக்கச் சொன்னான். எனக்கு ஒண்ணுமில்ல.

உன் மாமா,
ஸ்டானிஸ்லாஸ்


ஹாம்பர்க்
18 ஜூலை 1974

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். நலம். அத்தைக்கு என் முத்தம்.

உங்கள் சோதனையைப் புரொபசருக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்துச் சொன்னேன். எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். செப்டம்பரில் இங்கே நடக்கும் கூட்டத்தில் நான் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார். வால்டரின் பெயர் வராது, என் தம்பி என்பதும் வராது. உங்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி வரும். மூன்று 'ஸ்' போடுவேன்.

அருள்பிரகாசத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அவருக்கு மாத்திரை இல்லை மாமா. அவர் உடம்புக்கு இனி யாரும் விடிந்ததைச் சொல்ல மாட்டார்கள். தூக்கம் அவரை விட்டு நழுவும், திரும்ப வரும், மறுபடி நழுவும். சாகும்வரை அப்படித்தான் என்று பயப்படுகிறேன். அவர் வீட்டாரிடம் தயவுசெய்து போய்ச் சொல்லுங்கள், அவர் சோம்பேறி இல்லை, குடிக்கவில்லை, பைத்தியம் இல்லை. வேளை தவறாமல் சாப்பாடு, வேலை என்று வைத்தால் கொஞ்சம் உதவலாம். கண்ணை எடுப்பதற்கு முன் அவருக்கு ஒருவராவது சொல்லியிருக்கலாம். நம் வால்டர் தப்பித்தான் என்று நினைக்கும்போது அந்த மனிதரை எண்ணி வெட்கமாக இருக்கிறது.

வால்டரின் கல்யாணப் போட்டோ ஒன்று அனுப்புங்கள். திருவொற்றியூர் விலாசமும் வேண்டும்.

அன்புடன்,
ஹில்டா


சேசு மரி சூசை துணை
ராயபுரம்
15 செப்டம்பர் 1974

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. எல்லோரும் சுகம். லூர்துவுக்குத்தான் முட்டி. மழை வரப்போவுது.

அந்த அருள்பிரகாசத்துக்கு நீ சொன்னபடி சொல்லிட்டேன். அவனுக்கு வேலை போயிடுச்சு. சூப்ரெண்டு ரெண்டு தடவை மன்னிச்சார், மூணாவது தடவை நாற்காலி மேலயே தூங்கிட்டான், சொந்தக்காரன் ஒருத்தன் போயி கெஞ்சியும் கேக்கல. போவட்டும், ஊரான் கதை நமக்கு எதுக்கு.

போட்டோ இத்தோட வெச்சுகீறேன். நீயே பாரு, எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை. ஸ்டுடியோக்காரன் ஷோ கேஸ்ல வெக்க ஒரு காபி கேட்டான், நான்தான் திருஷ்டி படும்னு தரல. ஞானசெல்வி பக்கத்துல நிக்கறா. பின்னால கோட்டு போட்டுகினு நடுவுல நிக்கறது யாருன்னு உனக்கே தெரியும். விலாசம் போட்டோ பின்னால கீது.

கூட்டத்துல கைதட்டினாங்களா? எழுது.

உன் மாமா,
ஸ்டானிஸ்லாஸ்


ஹாம்பர்க்
2 அக்டோபர் 1974

மாமாவுக்கு.

போட்டோ வந்தது. வால்டர் மிக அழகாக இருக்கிறான். இரண்டு கண்ணும் தெளிவாக, கறுப்பு விழியோடு, நேராக என்னைப் பார்க்கிறது. வெள்ளையாகப் பூத்த கண் அப்படி இருக்காது. நான் தினமும் கண்ணைத்தான் பார்க்கிறேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது.

போட்டோ வருவதற்கு நாலு நாள் முன்னால்தான் அறுபது பேர் முன்னால் நின்று அவன் கண்ணைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். நேற்று புரொபசரிடம் போய், நான் சொன்னது எதுவும் நடக்கவில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. என் மேஜையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

அவன் கண்ணை எப்போது எடுத்தார்கள்? தண்டையார்பேட்டையில் அருள்பிரகாசம் என்று ஒருவர் இருக்கிறாரா?

ஹில்டா


சேசு மரி சூசை துணை
ராயபுரம்
10 நவம்பர் 1974

அன்பு மருமகள் ஹில்டாவுக்கு மாமா எழுதுவது. நான் சுகம். நீ சுகமான்னு கேக்க பயமாக் கீது.

உன் கடுதாசியைப் படிச்சுட்டு மூணு நாள் கிரேன் ஏறல. ஒரு போட்டோவைப் பாத்துட்டு வளத்தவனைப் பொய்யன்றியே. சரி, சொல்லிடறேன். அருள்பிரகாசம்னு ஒருத்தன் இல்ல. குடைத்துணியும் இல்ல. கடிகாரம் மட்டும் நிஜம், ஜாபர் பாய் கல்யாணத்துக்கு மொய்யா வெச்சது.

ஆனா என் மேல தப்பு எங்கே கீது சொல்லு. மார்ச் மாசத்துல ஆபரேஷன் முடிஞ்சுபோச்சு. உன் கடுதாசி வந்துது குருத்தோலை ஞாயிறு. காலைல ஓலை, கைல உன் காகிதம், உள்ள போனா வால்டர் கட்டுப் பிரிச்சு ஒரு மாசமாக் குந்திகினு கீறான். நான் இன்னா பண்ணட்டும்? கண்ணைத் திரும்ப வாங்கியாரவா? நீ தூரதேசத்துல தனியாக் கீறவ, உன் மனசு நோவக்கூடாதுன்னு கண்ணு கீதுன்னு எழுதினேன். நீ துணி கட்டச் சொன்னே, கட்டினேன்னு எழுதினேன். உனக்கு இன்னா வேணும்னு நீயே முன்கடுதாசில எழுதிட்டே, அதைத்தான் குடுத்தேன். தபால் ஒரு மாசம் முந்தி வந்திருந்தா இந்த ஸ்டானிஸ்லாஸ் ஆஸ்பத்திரி வாசல்ல படுத்திருப்பான். தப்பு தபால்காரனுது. நான் அப்பவே சொன்னேன், இந்த நீலக் காகிதத்தை நம்பாதேன்னு.

லூர்து உன்னை ரொம்ப விசாரிக்கிறாள்.

உன் மாமா,
ஸ்டானிஸ்லாஸ்


திருவொற்றியூர்
1 டிசம்பர் 1974

அக்காவுக்கு வால்டர் சொல்லி, ஞானசெல்வி எழுதுவது. நான் சொல்றதை சொல்றபடியே எழுதுன்னு சொல்லிகீறேன்.

இங்கே எல்லாரும் சுகம், என்னைத் தவிர. சில வாரம் ஊரோட தூங்கறேன், ஊரோட எழுந்துக்கறேன். அப்போ சரியாப் போச்சுன்னு நினைப்பேன். அப்புறம் நழுவுது. மத்தியானம் பேசிகினு இருக்கும்போதே யாரோ தலைல சாக்கு போட்டு அமுக்கற மாதிரி கீது. மாமனார் வந்து என் வாயை மோந்து பாக்கறாரு. வாசனை இல்லன்னா இன்னும் கோவம் வருது அவருக்கு. ஆர்பர் வேலை போச்சு. ஞானசெல்வி டைப் அடிச்சு சம்பாரிக்கிறா. இதை எழுத மாட்டேன்றா, நான்தான் எழுதச் சொன்னேன்.

நீ நேரா எனக்குப் போட்ட கடுதாசியை அவ படிச்சுக் காட்டினா. "நான் வேண்டாம் என்று எழுதியும் ஏன் சம்மதித்தாய்"னு கேட்டுகீறே. நீ எங்கே வேணாம்னே? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி உன் கடுதாசியை மாமா எனக்குப் படிச்சாரே. எனக்கு மனப்பாடம். "தைரியமா படுத்துக்கோ தம்பி, அக்கா உனக்காக செபம் பண்றேன்." அதைச் சொல்லிகினேதான் நான் அந்த மேஜை மேல படுத்தேன். மூஞ்சில துணி போடறப்பவும் அதான்.

இப்போ உன் கூட்டத்துல தலை குனிஞ்சுதாம். அதனால வேற மாதிரி பேசறே. படிச்சவங்க இப்படித்தான் மாத்துவாங்கன்னு மாமனார் சொல்றாரு. எனக்கு யார் எதைப் படிச்சாலும் அதான் கடுதாசி அக்கா, நான் எட்டிப் பாத்துக்க முடியாது. நீ எனக்கு இனிமே எழுத வேணாம். படிக்கச் சொல்ல மாட்டேன்.

வால்டர்

(அண்ணி, நீங்கள் எழுதினதை நான் ஒரு வார்த்தை மாற்றாமல்தான் படித்தேன். நம்ப மாட்டேன் என்கிறார். — ஞானசெல்வி)


ஹாம்பர்க்
20 டிசம்பர் 1974

மாமாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை தபால் வராது. ராயபுரத்திலும் வராது. ஏப்ரலில் படித்தபோதே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். கையில் ஓலையோடு நீங்கள் வருகிற காட்சி அவ்வளவு அழகாக இருந்தது.

வால்டர் எழுதியதை ஞானசெல்வியின் கையெழுத்திலேயே இத்துடன் வைத்திருக்கிறேன். படியுங்கள். இனிமேல் நான் என்ன எழுதினாலும் அவன் படிக்கச் சொல்லிக் கேட்க மாட்டான்.

என் ஆராய்ச்சி போனது போகட்டும், எலிகள் இருக்கின்றன. எனக்கு இருந்தது ஒரு தம்பி. அவன் என் வார்த்தைக்காகத்தான் கண்ணைக் கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டான். நீங்கள் சொன்னால் நம்புவான், அவன் எப்போதும் நம்பியது உங்களைத்தான்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவனுக்கு எழுதுங்கள்.

ஹில்டா


ராயபுரம்
12 பிப்ரவரி 1975
விபூதிப் புதன்

திருவொற்றியூர் வால்டருக்கு மாமா ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது. ஞானசெல்வி, இதை உரக்கப் படிம்மா. ஒரு எழுத்துகூட சேக்காதே, ஒண்ணும் வுடாதே. நடுநடுவுல நான் அடிச்சுப்போட்ட வரிங்களை மட்டும் படிக்க வேணாம், அதெல்லாம் என் வழக்கமான சமாச்சாரம்.

நான் சுகம். லூர்து என்கூடப் பேசி ஒன்றரை மாசம் ஆவுது. உங்கக்கா அனுப்பின உன் கடுதாசியை அவதான் மொதல்ல பிரிச்சுப் படிச்சா.

நேர்ல வந்து சொல்லலாம்னு ரெண்டு தடவை உங்க தெருமுனை வரைக்கும் வந்தேன். நேர்ல வந்தா நான் பேசிடுவேன் வால்டர். பேசினா வேற எங்கியாவது போயிடும். உன் மாமனார் ரெண்டாவது தடவை பாத்துட்டார், "இன்னா மச்சான், உள்ள வரது"ன்னார். இந்தப் பக்கம் இரும்பு வாங்க வந்தேன்னு சொல்லிட்டேன். எனக்கு எதுக்கு இரும்பு.

அக்கா மேல கோவப்படாதே. ஹில்டா கடுதாசி போன வருஷம் இதே விபூதிப் புதன் அன்னிக்கு வந்துது. ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்துது. நான் பூசைக்குப் போயி நெத்தில சாம்பலோட வந்தேன், லூர்து காகிதத்தை எடுத்துக் குடுத்தா. நீ உள்ளேந்து "மாமா, அக்காவா"ன்னு கேட்டே. நான் வாசல்லயே நின்னு மொத்தமும் படிச்சேன். ஏழாங்கிளாஸ் படிச்சவனுக்கும் நல்லாப் புரியற மாதிரிதான் எழுதியிருந்தா.

பொண்ணு வூட்டுல நாள் குடுத்தாச்சு, அது ஒண்ணு. உனக்குப் புதுக் கண்ணு வரப்போவுதுன்னு ஆர்பர் பூரா சொல்லிட்டேன், அது ஒண்ணு. எல்லாத்தையும் முன்னாடியே தெரிஞ்சவன்னு சொல்லிகினு கீறவன் நான். அவ எழுதினது எனக்கு முன்னாடி தெரியல. நான் தூக்கி வளத்த பொண்ணு, எலியைப் பாத்துட்டு எனக்குச் சொல்லிக் குடுக்குதேன்னு இருந்துது. அவ்ளோதான் வால்டர். வேற பெரிய காரணம் தேடினேன், கெடைக்கல.

உள்ள வந்து உன் பக்கத்துல குந்தினேன். நீ என் கையைப் புடிச்சுகினே. காகிதத்தைப் பிரிச்சு வெச்சுகினு படிச்சேன். வணக்கம் அவளுது. மூணு ஸ்வெட்டர் அவளுது. அத்தை முட்டியை விசாரிச்சது அவளுது. "தைரியமா படுத்துக்கோ தம்பி, அக்கா உனக்காக செபம் பண்றேன்"ன்னு ஒரு வரி படிச்சேனே, அது அந்தக் காகிதத்துல இல்ல. நான் போட்டது. அந்த எடத்துல அவ எழுதியிருந்தது, வால்டருக்கு அந்த ஆபரேஷன் வேண்டாம்.

ஸ்டானிஸ்லாஸ்